திருத்தணிக்கு ஒரு ராத் தங்கல்

"கால் நடமாடும்போதே ஒரு தரம் திருத்தணி படி ஏறிடணும்மா" என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. அத்தைக்கு வயது 72. முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு.

போன மே மாதம் கிளம்பினோம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "சாமியைப் பார்க்காம சாப்பிட மாட்டேன்" என்று இட்லியைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வெயிலில் நூறு படி ஏறுவதற்குள் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அப்படியே திரும்பினோம். தப்பு என்னுடையதுதான்.

இந்தத் தை மாதம் திட்டத்தையே மாற்றினேன். முதலில் டாக்டரிடம் காட்டி, மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொண்டேன். ஆடிக் கிருத்திகை, மாதக் கிருத்திகை, டிசம்பர் 31 படித் திருவிழா ஆகிய கூட்ட நாட்களைத் தவிர்த்து ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். தேவஸ்தான விடுதியில் அறை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, ஆதார் அட்டையையும் மறக்காமல் எடுத்து வைத்தேன்.

மாலையில் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். நேர் வண்டி இல்லையென்றால் அரக்கோணத்தில் மாறிக்கொள்ளலாம். ராத்திரிக்குக் கையில் கொண்டுபோன இட்லி மிளகாய்ப்பொடிதான். அத்தை நன்றாகத் தூங்கி எழுந்தார்.

விடியற்காலையில் சாப்பிட்ட பிறகே மாத்திரை. "முருகன் கோவிச்சுக்க மாட்டாராம்மா?" என்றார். "பட்டினியா மயங்கி விழுந்தாத்தான் அத்தை கோவிச்சுக்குவார்" என்றேன்.

வருஷத்தின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள். இருபது படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தோம். கல் சுடவில்லை, அவசரமும் இல்லை. வழியில் முடியாமல் போனால் கீழே வந்து ஆட்டோவில் போகலாம், மேலே வரை சாலை இருக்கிறது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சிரமம் அதிகம் என்பதால், தரிசனம் முடிந்து ஆட்டோவில் இறங்கினோம்.

சகோதரிகளே, வயதானவர்களை அழைத்துப் போகிறீர்களா? ரயில் நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அவர்களுடைய காலை வைத்துப் போடுங்கள். முருகன் சினம் தணிந்த தலம் அது. அங்கே போய் நாம் ஏன் பரபரக்க வேண்டும்?