ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

கடைசிப் படி இருப்பது தெரியாமல் சிலர் கால் வைத்து விழுகிறார்கள். டம்ளருக்கு வெளியே காபியை ஊற்றுகிறார்கள். முன்னால் நிற்கும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடாமல் பைக்கைக் கொண்டுபோய் மோதுகிறார்கள். "வயசாச்சு, கவனம் போதாது" என்று வீட்டில் திட்டு விழுகிறது. கண்ணைக் காட்ட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டு கண்களும் சற்றே வெவ்வேறு கோணத்தில் காண்பதை மூளை ஒன்றுசேர்த்துத்தான் ஆழத்தையும் அண்மைத் தூரத்தையும் துல்லியமாகக் கணிக்கிறது. ஒரு கண்ணின் விழித்திரை மையத்தில், அதாவது மாக்குலாவில், நீர் கோத்தாலோ துளை விழுந்தாலோ இந்தக் கணிப்பு குலைகிறது. மறு கண் நன்றாக இருப்பதால் டிவியும் பேப்பரும் பார்க்க முடிகிறது. அதனால் நோய் தெரியாமலே முற்றுகிறது. சர்க்கரை நோயாளிகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஆகவே இன்றே ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கம்பி வளைந்தோ நடுவில் மறைந்தோ தெரிந்தால் உடனே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் இருந்தாலும், கரும்புள்ளிகள் மிதந்தாலும், பக்கத்திலிருந்து திரை விழுவதுபோல் மறைத்தாலும் அன்றைக்கே போக வேண்டும். விழித்திரை பிரிந்திருக்கலாம், ஒவ்வொரு நாளும் பார்வையைத் தின்னும்.

கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் சோதனை இதற்குப் போதாது. எழுத்துப் பலகையை அவசரமாக வாசிக்கவைத்து அனுப்பும் முகாமும் போதாது. சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று வண்டி ஓட்ட முடியாது என்பதால் துணைக்கு ஆள் வேண்டும். சர்க்கரை இருந்தால், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை கட்டாயம். ஆழம் பிடிபடவில்லை என்றால் 'ஸ்டீரியோப்சிஸ்' சோதனை கேளுங்கள். இரு கண்களின் பார்வை அளவையும் தனித்தனியே எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். மாற்றுத்திறன் சதவீதம் பார்வைக் கூர்மையையும் பார்வைப் புலத்தையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆழம் தெரியாமைக்குத் தனி மதிப்பு இல்லை. ஒரு கண் முழுதாகப் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். அதற்காகச் சான்றிதழ் வீண் என்று விட்டுவிடாதீர்கள். மறு கண்ணும் மங்கினால் மறுமதிப்பீட்டுக்கு இந்தப் பதிவே ஆதாரம்.

இந்தச் சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகலாம். ஆதார், புகைப்படம், கண் மருத்துவ அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது சான்றளிக்கும் அதிகாரியின் கடமை. முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு வழி தருகிறது.

வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. உரிமத்துக்கான படிவம் 1இல் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். அது தெரிவதாலேயே தூரக் கணிப்பு சரியாக இருக்கிறது என்று ஆகாது. ஒரு கண் போனதை மறைத்துக் கையெழுத்திடாதீர்கள். அண்மையில் பார்வை இழந்தவர்கள் மருத்துவர் சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், தொடக் கூடாது.

அரசு நிறுவனத்தில் ஓட்டுநராகவோ இயந்திரத்தில் வேலை செய்பவராகவோ இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்டவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. மருத்துவ அறிக்கையை இணைத்து மாற்றுப்பணி கேட்டு மனுக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அசையாவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், அடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடுங்கள். மேலதிகாரி எவ்வளவு நெருக்கினாலும் ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.