வேளை தெரியாத மணி

அவசரக் கூட்டத்துக்கு மேலாளர் அழைக்கிறார். ஊழியரின் செல்பேசி மூச்சுவிடவில்லை. நாளை பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கோ இரவு 11 மணிக்குக் கணீரென்று ஒலிக்கிறது. 2020 ஊரடங்கின்போது வீட்டுக்குள் நுழைந்த அலுவலகச் செயலிகளோடு ஊழியர்கள் படும் பாடு இது.

முதல் கோளாறுக்குக் காரணம் தூக்கம். ஊழியருடையது அல்ல, போனுடையது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு வழி கண்டது. திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகள் இடைவெளி விட்டுத்தான் இணையத்தைத் தொட முடியும். அவசரச் செய்திகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் சில போன் தயாரிப்பாளர்கள் இன்னும் கறார்: பின்னணியில் இயங்கும் செயலியையே நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரி அமைப்புக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினால் பெரும்பாலும் மணி அடிக்கும். இது தெரியாத மேலாளரின் கணக்கில் ஊழியர் டிமிக்கி கொடுத்தவர்.

இரண்டாவது கோளாறு போனில் இல்லை. ஒலியை அடக்கப் பொத்தான் இருக்கிறது; அழுத்தத்தான் பயம். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி நிறுவனங்கள் ஊழியர்களுடன் பேசியாக வேண்டும் என்ற சட்டம் பிரான்சில் 2017இல் அமலுக்கு வந்தது. அதே உரிமை கேட்டு 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சட்டம் வருகிறதோ இல்லையோ, மேலாளர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பதில் வராதபோது, ஆளைச் சந்தேகிக்கும் முன் போனைச் சந்தேகிக்கலாம். அவசரமில்லாததைக் காலைக்கு ஒத்திவைக்கலாம்.