தலையில் ஒரு இலை, காலடியில் ஒரு இலை

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பட்டாளம் புறப்படும். மூத்தவளுக்குப் பத்து வயது, கடைசிக்கு நாலு. இந்த வருடம் எந்த இலை தலைக்கு, எந்த இலை காலுக்கு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். அதோடு பெரியவர்களின் வேலை முடிந்தது. மரம் யாருடைய வளவில் நிற்கிறது, அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிக் கேட்பது, வீட்டில் எத்தனை தலை, எத்தனை இலை வேண்டும், எல்லாம் அவர்கள் பாடு. ஒருமுறை கொன்றை இலைக்கு அனுப்ப, வாகை இலையோடு வந்து நின்றார்கள். திருப்பி அனுப்பினோம். இருட்டுவதற்குள் பக்கத்து வீட்டு ஆச்சியையே கைபிடித்துக் கூட்டிப் போய்ச் சரியான மரத்தடியில் நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த நாலு வயதுக்காரன் தெருவில் எந்தக் கொன்றையைக் கண்டாலும் “அந்தா, எங்கட மரம்” என்கிறான்.

மருத்துநீர் தெரியாத ஊர்களில் வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிக் கோயிலில் குருக்கள் தருவார். நாங்கள் சின்னப் போத்தல்களில் வாங்கி வருவோம். வருடம் பிறக்கும் புண்ணிய காலத்தில், வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, தலையில் ஒரு இலையும் காலடியில் ஒரு இலையும் வைத்து, மருத்துநீரைத் தலையில் தேய்த்துவிடுவார். அதன்பின் தலைமுழுக்கு, புது உடுப்பு, பெரியவர்கள் கையில் காசு தரும் கைவிசேடம். புண்ணிய காலம் சில வருடம் நடுச்சாமத்தில் வரும், சில வருடம் விடியப்புறம் வரும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். நித்திரைத் தூக்கத்தில் எழுப்பப்பட்ட பிள்ளைகள் இதையெல்லாம் விரும்பிச் செய்யவேண்டும் என்றால் அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த விளையாட்டு வந்த கதை இது. 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபோது திருகோணமலையிலிருந்து ஓடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மன்னார்க் கரையில் படகேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டோம். அடுத்த சித்திரை அங்கேதான் பிறந்தது. எனக்குப் பதினொரு வயது. மருத்துநீர் இல்லை, பஞ்சாங்கம் இல்லை, என்ன இலை என்று சொல்ல யாரும் இல்லை. அம்மம்மா ஒரு அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு ஊறவைத்தார். இலைக்கு வேம்பு என்று தானே தீர்ப்புச் சொன்னார். ஒரே அறையில் அடைந்து கிடந்த நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அந்த நாட்களில் ஓயாமல் சண்டை. அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினோம். அம்மம்மா சத்தம் போடவில்லை. இலையை எங்கள் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “ஆருடைய தலையில இலை விழாமல் குழாயடி வரைக்கும் போகுதோ, அவருக்குத்தான் முதல் கைவிசேடம்.”

வேப்பிலை சின்னது, காற்றடித்தாலே பறக்கும். மண்டபத்தில் எந்த நேரமும் கடற்காற்று. ஐந்து பேரும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு, கொட்டில்களுக்கு இடையில் அடிமேல் அடி வைத்து நடந்தோம். மற்றக் குடும்பங்களின் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் தாங்களும் தலையில் இலையை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் பத்துப் பதினைந்து பேர். வென்றது என் தங்கை. கைவிசேடம் ஒரு இருபத்தைந்து பைசா இந்திய நாணயம்.

ஊரில் விட்டு வந்த ஊஞ்சல் பலகை போனது. பித்தளைக் குத்துவிளக்கு போனது. கல்யாணப் படங்களும் போயின. இலை விளையாட்டு மட்டும் எங்களோடு படகேறித் திரும்பி வந்தது. இன்று அம்மம்மா இல்லை. கிணற்றடி வரைக்கும் இலை விழாமல் நடப்பது எங்கள் வீட்டில் மாறாத வழமை. என் தங்கை வெளிநாட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் குளியலறைக் கதவு வரைக்கும் தன் பிள்ளைகளை அப்படித்தான் நடத்துகிறாள்.

இந்த மாவட்டத்தில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2006 சித்திரையில் வருடப்பிறப்பு முடிந்து இரண்டு கிழமை ஆகுமுன் சம்பூர் மக்கள் போரினால் ஊரைவிட்டு ஓடினார்கள். 2015இல்தான் அவர்களுடைய காணிகள் விடுபடத் தொடங்கின. இடையில் ஒன்பது வருடப்பிறப்புகள். ஓடும்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை, தன் சொந்த முற்றத்தில் ஒரு வருடப்பிறப்பைக்கூட அறியாமலே பத்து வயதை எட்டியது. அந்தப் பிள்ளைக்குப் பண்டிகை என்றால் இன்னது என்று காட்டிக் கொடுக்கத் தாய்மார் கையில் என்ன இருந்திருக்கும்? பலகாரத்தின் மணம், ஒரு கதை, ஒரு விளையாட்டு. அவ்வளவுதான் இருந்திருக்க முடியும். அது போதுமானதாகவும் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது சமாதான காலம். வீடுகள் இருக்கின்றன, முற்றம் இருக்கிறது, குறை என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனால் நல்லநாள் பெருநாளில் பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. புது உடுப்பைப் போட்டுக் கதிரையில் இருத்திவிடுகிறோம். அடுப்படிக்கு வராதே, கோலத்தை மிதிக்காதே, உடுப்பு அழுக்காகும் என்று நாள் முழுக்கத் தடுப்பு. பிறகு பிள்ளை போனைக் கையில் எடுத்துவிட்டது என்று கவலைப்படுகிறோம். வேலை இல்லாதவருக்குப் பண்டிகையில் உரிமையும் இல்லை. பிள்ளைக்கும் அது தெரியும்.

போர்த்தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். சிரட்டை தடித்த தேங்காயாகத் தேடிப் பிடித்து, ஒருவர் தன் தேங்காயை மண்ணில் பதித்து வைக்க, மற்றவர் தன்னுடையதால் அதை அடிப்பார். தேங்காய் உடைந்தவர் தோற்றார், உடையாதது அடுத்த ஆளைப் பார்க்கும். சிங்களத்திலும் இதற்குப் ‘பொர பொல்’ என்றுதான் பெயர். சிங்களவர் பத்தினி தெய்வத்தின் சடங்கோடு சேர்த்து ஆடுவார்கள், கிழக்கில் நாம் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்த்து ஆடுவோம். பத்தினியும் கண்ணகியும் ஒருத்திதானே. கடல் கடந்து கிரேக்கத்தில் ஈஸ்டர் அன்று சிவப்புச் சாயம் தோய்த்த அவித்த முட்டைகளை ஒன்றோடொன்று முட்டி, யாருடையது உடையாமல் மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். ஓடு உடைகிற சத்தத்தில் மனிதருக்கு எங்கேயும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளை இதில் அடிக்க விடமுடியாது, விரல் நசுங்கும். எங்கள் வீட்டில் அவர்களுக்குக் கொடுத்த பதவி தேங்காய் தெரிவு. ஒரு கிழமைக்கு முன்னமே கடைக்குக் கூட்டிப் போவோம். ஒவ்வொரு தேங்காயாகக் காதோரம் வைத்து, இன்னொன்றால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் ஒரு பக்கம், மந்தமாகக் கேட்டால் மறுபக்கம். ஏழு வயது மருமகன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பான். ஒரு வருடம் அவன் தெரிந்த தேங்காய் நாலு பேருடையதை உடைத்தது. அடித்தவர் அவன் மாமா. ஆனால் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் அவன். உடைந்ததெல்லாம் குசினிக்குப் போய்ப் பாலாகவும் சம்பலாகவும் வந்தது. தன் தேங்காய் எந்தக் கறியில் போனது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். மரக்கறி வேண்டாம் என்று அழுகிற பிள்ளை அவன்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொன்றைச் சொல்லவேண்டும். சுவாமிமலையின் உச்சியில் இருந்த கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அது நடந்தது 1622ஆம் ஆண்டு வருடப்பிறப்பு நாளில் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயில் கல்லெல்லாம் கோட்டைக்குப் போனது. சில விக்கிரகங்கள் மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன. 1950இல் திருகோணமலை நகரசபை ஒரு கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி திருவுருவங்கள் வெளியே வந்தன. 1963இல் புதிதாகக் கட்டிய கோயிலில் அவர்கள் மீண்டும் வீற்றிருந்தார்கள். 1950இல் அப்பாவுக்குப் பத்து வயது. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

வருடப்பிறப்பு அன்று பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு, அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். மாரியில் வாடைக்காற்றோடு குமுறுகிற எங்கள் கடல் சித்திரையில் குளம் போல இருக்கும். எங்களைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் மணலில் சோகியும் ஒன்றிரண்டு நாணயமும் புதைத்து வைப்பார். கோட்டுக்குள் மட்டும் தேடவேண்டும், கையால் மட்டும் தோண்டவேண்டும், கண்டெடுத்தவர் ‘கோணேசா’ என்று கத்தவேண்டும். விளையாட்டு முடிந்த பிறகுதான் கிணறு வெட்டிய கதையைச் சொல்வார். தோண்டிக் கைநகத்தில் மண் ஏறியிருக்கும்போது கேட்ட வரலாறு மறக்குமா? பள்ளிக்கூடத்தில் படித்த எத்தனையோ ஆண்டுகள் நினைவில் இல்லை, 1950 மட்டும் அப்படியே நிற்கிறது.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போக எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. அந்த வருடங்களில் அப்பா வளவின் மூலையில் மணல் பறித்துவிட்டு அங்கே புதைத்தார். பிறகு ஒரு சித்திரையில் அவரே முதலில் எழுந்து, “வாங்கோ, கடல் என்ன செய்யுது எண்டு பாப்பம்” என்றார். அன்று பேரப்பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க, பெரியவர்கள் நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பலகாரத் தட்டையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். முறுக்கும் பயற்றம் பணியாரமும் அரியதரமும் வைத்து, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கம் பக்கமாக வாழ்கிற மாவட்டம் இது. ஒரு தட்டு இராத்தா வீட்டுக்கு, ஒரு தட்டு அக்கே வீட்டுக்கு. தட்டு வெறுமையாகத் திரும்பி வராது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நோன்புப் பெருநாளைக்கு அதே தட்டு வட்டிலப்பத்தோடு வரும். 2024இல் பெருநாளும் வருடப்பிறப்பும் ஒரே கிழமையில் வந்தபோது தட்டுகள் பாதி வழியில் ஒன்றையொன்று சந்தித்தன. மூன்று மொழியில் வாழ்த்துச் சொல்ல எங்கள் பிள்ளைகள் பழகியது இந்தத் தட்டுச் சுமப்பில்தான்.

ஆடிப்பிறப்பு வேறு மாதிரி. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பற்றிப் பிள்ளைகளுக்காகப் பாடிய பாட்டு இலங்கைத் தமிழர் வாயில் இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பாட்டில் வருவது போல இப்போது அந்த நாளுக்கு விடுமுறை கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து, களைத்து வருவார்கள். அதனால் அன்றைக்குக் காய்ச்சும் ஆடிக்கூழைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். கூழ் கொதிக்கும்போது பிள்ளைகள் பலா இலையைக் கோலி, ஈர்க்குத் துண்டால் குத்தித் தங்கள் கரண்டியைத் தாங்களே செய்யவேண்டும். செய்யாதவருக்குக் கூழ் இல்லை. கடைசிப் பிள்ளையின் இலை எப்போதும் ஒழுகும். முழங்கை வரை வழிந்ததை நக்கிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லும். ஒருவரும் உடுப்பைப் பற்றிப் பேசக்கூடாது, அதுவும் சட்டம்.

இவற்றுக்கெல்லாம் காசு போவதில்லை. கடினமான பகுதி வேறு: ஒருமுறை செய்ததை அடுத்த வருடமும் அதே மாதிரிச் செய்வது. பெரியவர்களுக்குச் சலிக்கும். பிள்ளைகளுக்குச் சலிக்காது. முதல் வருடம் அது ஒரு விளையாட்டு, மூன்றாம் வருடம் மறந்துபோனால் பிள்ளை அழும். அழுகிறது என்றால் அது வழமையாகிவிட்டது. இன்னொன்று, சட்டத்தைப் பிள்ளைகள் மாற்றக் கேட்டால் இடம் கொடுங்கள். கிணற்றடிக்குப் போகும் வழியில் ஒருமுறை சுற்றித் திரும்பவேண்டும் என்று போன வருடம் எங்கள் மூத்தவள் ஒரு விதி சேர்த்தாள். அம்மம்மாவின் விளையாட்டில் கை வைக்கிறாளே என்று எனக்கு ஒரு கணம் உறுத்தியது. பிறகு யோசித்தேன்: மண்டபத்தில் அம்மம்மா செய்ததும் அதைத்தானே.

வருகிற சித்திரைக்கு முதல்நாள் பின்னேரம், பஞ்சாங்கத்தை உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்து இலை பறிக்க அனுப்புங்கள். கொஞ்சம் வெள்ளனவே அனுப்புங்கள். பிழையான இலையோடு ஒருமுறை திரும்பி வருவார்கள்.