பொங்கல் விடுமுறையில் நீச்சல் பயிற்சி: ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே

கொங்கு மாவட்டங்களில் காப்புக்கட்டு முதல் பூப்பறிக்கும் பண்டிகை வரை நான்கு நாள்கள் வீடு உறவினர்களால் நிறைந்திருக்கும். நீச்சல் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர் பலர், "நான்கு நாள் நிறுத்தினால் இதுவரை செய்த பயிற்சி வீணாகிவிடுமா?" என்று இந்நாள்களில் அஞ்சுகின்றனர். வீணாகாது.

ஓய்வு ஏன் தேவை?

பயிற்சியின்போது தசைகள் களைப்படைகின்றன. அவை சீரடைந்து வலுப்பெறுவது ஓய்விலும் உறக்கத்திலுமே. சில நாள் இடைவெளியால் உடல்திறன் பெரிதும் குறைவதில்லை. விட்ட தூரத்தை ஒரே நாளில் ஈடுகட்ட முயல்வதே தீங்கானது. திடீரென நீச்சல் தூரத்தைக் கூட்டினால் தோள்மூட்டின் தசைநாண்கள் உராய்ந்து வீக்கமடையும். கையை உயர்த்தும்போதும், இரவில் அப்பக்கமாகப் படுக்கும்போதும் ஏற்படும் வலி இதன் அறிகுறியாகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• தைப்பொங்கலன்றும் பட்டிப்பொங்கலன்றும் முழு ஓய்வு அளிக்கலாம். விரும்பினால் மற்றொரு நாளில் 30 நிமிடம் மெதுவாக நீந்தலாம்.
• 6 முதல் 12 வயதினர் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினர் 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும்.
• விருந்துணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது கழித்தே கடும் பயிற்சி செய்ய வேண்டும்.
• விடுமுறை முடிந்த முதல் நாளில் வழக்கமான தூரத்தில் பாதியளவே நீந்தி, அடுத்த மூன்று நான்கு நாள்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.
• காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காதில் சீழ் வடிதல் இருப்பின் குளத்தில் இறங்கக் கூடாது.
• ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் போகிப் புகையால் மூச்சிரைப்பு ஏற்படலாம். அது தணியும் வரை பயிற்சியைத் தவிர்க்கவும். இன்ஹேலரை எப்போதும் உடன் வைத்திருக்கவும்.

கிணறும் வாய்க்காலும் நீச்சல் குளமன்று

உறவினர் தோட்டத்துக்குச் செல்லும்போது, நீச்சல் தெரிந்த பிள்ளைதானே என்று தனியே விட்டுவிடாதீர்கள். நீச்சல் குளத்தில் அடித்தளம் தெளிவாகத் தெரியும், நீர் அசையாது. கிணற்றிலோ ஆழமும் பாறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை; படிகள் வழுக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன வாய்க்கால்களில் நீரோட்டமும் சரிந்த கரைகளும் வெளியேறுவதைக் கடினமாக்கும். அங்கு நீந்த அனுமதிக்காதீர்கள். எவரேனும் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர்கள் குதிக்காமல், கயிறு அல்லது நீண்ட கம்பை நீட்டி உதவ வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

ஒரு வாரம் ஓய்வெடுத்தும் தோள்வலி நீடித்தாலோ, கையில் மரத்துப்போதல் இருந்தாலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். தொடர் களைப்பு, உறக்கமின்மை, நீச்சலில் திடீர் வெறுப்பு ஆகியவையும் அளவுக்கு மீறிய பயிற்சியின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைச் சோம்பல் எனக் கருதிக் கண்டிக்காதீர்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.