முழுகாமல் இருப்பவள் கையில் எந்தப் புத்தகம்? அன்றும் இன்றும்

அரை நூற்றாண்டுக்கு முன், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பேறுகாலத்துக்கென்று புத்தகம் எதுவும் கிடையாது. அப்போது இந்த இரண்டு ஊர்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. நாள் தள்ளிப்போன பெண் முதலில் மாமியாரிடமோ நாத்தனாரிடமோ சொல்வாள். சேதி அங்கிருந்து ஊர் மருத்துவச்சிக்குப் போகும். மசக்கைக்கு என்ன கொடுப்பது, எந்த மாதம் வளைகாப்பு, தலைச்சன் பிரசவத்துக்கு எப்போது தாய்வீடு, பிள்ளை பெற்ற பிறகு எத்தனை நாள் பத்தியம் எல்லாமே வாய்மொழிதான். சொன்னவர்கள் பலமுறை பிள்ளை பெற்றவர்கள், நூறு பிரசவம் பார்த்தவர்கள். கேட்டவளும் நம்பிக்கையோடு கேட்டாள்.

அந்த வாய்மொழியில் பொன்னான விஷயங்கள் இருந்தன. கடைசி மாதங்களில் பெண்ணைத் தாய்வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது, வலி எடுத்த பெண்ணைத் தனியே விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, முருங்கைக்கீரையும் கேழ்வரகும் கொடுத்தது எல்லாம் இன்றைய மருத்துவமும் ஏற்கிற நல்ல வழக்கங்கள். ஆனால் அதே வாயிலிருந்துதான் தவறுகளும் வந்தன. "நெறைய தின்னா புள்ள பெருத்துப்போயிரும், அப்புறம் பெக்குறது கஷ்டம்" என்று சொல்லி சாப்பாட்டைக் குறைத்தார்கள். பிள்ளை பிறந்ததும் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவினார்கள். முகமும் கையும் வீங்கினால் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் ஜன்னி என்றார்கள், சில வீடுகளில் பேய் என்றார்கள். இரத்தப்போக்கு நிற்காதபோது மாட்டுவண்டி பூட்டிப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எத்தனையோ தாய்மார்கள் வழியிலேயே போனார்கள். அவர்கள் பேரைச் சொல்லி அழுத வீடுகள் இந்த மாவட்டங்களில் ஏராளம்.

இந்த நிலை மெல்ல மெல்லத்தான் மாறியது. ஆரம்ப சுகாதார நிலையமும், சைக்கிளில் ஊர் ஊராக வந்த நர்சம்மாவும் முதல் மாற்றம். திருச்சி வானொலியின் மகளிர் நிகழ்ச்சியும், வாரப் பத்திரிகைகளில் மருத்துவர்கள் எழுதிய கேள்வி-பதில் பகுதியும் இரண்டாவது. அந்தப் பக்கங்களைக் கிழித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. டேவிட் வெர்னர் எழுதி உலகெங்கும் பரவிய கிராம மருத்துவக் கையேடு, 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. படம் போட்டு எளிய மொழியில், எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதற்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று பிரித்துச் சொன்ன புத்தகம் அது. ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு நேரடிப் பதில் சொல்வதுதான் ஒரு மருத்துவக் கையேட்டின் முதல் வேலை என்பதை அது காட்டியது.

பெரம்பலூர் 1995 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டம் ஆனது. மருத்துவ வசதியும் அதோடு கூடியது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கான 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில்தான் தொடங்கியது. மாநில அளவில் பார்த்தால், 1998-99இல் நூறு பிரசவங்களில் சுமார் 79 மட்டும் மருத்துவமனையில் நடந்தன. 2019-21 கணக்கில் அது 99.6. 2001-03இல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்களை இழந்தோம். 2018-20இல் அது 54. வண்டி பூட்டி வழியில் இழந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அப்படியானால் இன்று புத்தகம் எதற்கு? இன்றைய சிக்கல் வேறு. அன்று சொல்ல ஆள் குறைவு. இன்று சொல்கிறவர்களுக்குக் கணக்கில்லை. கைபேசியைத் திறந்தால், சுகப்பிரசவத்துக்கு இதைச் செய், ஊசி போடாதே, ஸ்கேன் எடுக்காதே என்று ஒருவர். அடுத்த நிமிடமே இந்தப் பொடி, அந்த மாவு வாங்கு என்று இன்னொருவர். 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று, நிற்காத இரத்தப்போக்கால் ஒரு இளம்பெண் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. படித்தவர்கள் வீட்டில் நடந்தது அது. அறியாமை வாய்மொழியில் மட்டும் இருந்ததில்லை, திரையிலும் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே நடப்பது புரியாமல் வருவது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே கணக்கில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பலன் குறையும் என்பதும், அறுவை எப்போது தேவை, எப்போது கேள்வி கேட்கலாம் என்பதும் தெரியாமலேயே பெரும்பாலோர் பத்து மாதத்தைக் கடக்கிறார்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது. அதற்குத்தான் ஒரு நல்ல கையேடு.

அந்தக் கையேட்டின் முதல் வடிவம் ஏற்கெனவே ஒவ்வொரு கர்ப்பிணி கையிலும் இருக்கிறது: தாய் சேய் நல அட்டை. ஜப்பான் 1942இல் கர்ப்பிணிகளுக்கென ஒரு சிறு கையேடு கொடுத்து, 1948இல் அதைத் தாயும் சேயும் சேர்ந்த புத்தகமாக்கியது. பல நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின. இந்தியாவில் 2010 முதல் சுகாதாரத் துறையும் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையும் சேர்ந்து ஒரே அட்டையாகக் கொடுக்கின்றன. கையில் வைத்துப் பாருங்கள். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கட்டம். ஒரு பக்கத்தில் அபாய அறிகுறிகள் படமாக. பின்னால் தடுப்பூசி அட்டவணையும் குழந்தையின் எடை வளைகோடும். ஆனால் பல வீடுகளில் இதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பரிசோதனைக்குப் போகிற நாளில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். நர்ஸ் எழுதிய எண்ணைக் கணவர் படித்ததில்லை. மாமியார் பார்த்ததில்லை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையானது. இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தால் அந்தக் கட்டங்கள் பேச ஆரம்பிக்கும். நீங்கள் வாங்கப்போகும் எந்தப் புத்தகமும் இந்த அட்டையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதாக இருக்க வேண்டும்.

இனி, வாங்குவது. 2012இல் அன்றைய ஆட்சியர் தரேஸ் அகமது காலத்தில் பெரம்பலூரில் புத்தகத் திருவிழா தொடங்கியது. அரியலூரிலும் திருவிழா நடக்கிறது. கோயில் கும்பாபிஷேகம் போலக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பேறுகாலம், குழந்தை வளர்ப்பு என்று அடுக்கி வைத்த மேசை அநேகமாக ஒவ்வொரு அரங்கிலும் உண்டு. அட்டைப்படத்தில் சிரிக்கிற குழந்தை எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுதான். உள்ளே என்ன என்பதை நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

முதலில், எழுதியவர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். மகப்பேறு மருத்துவரோ, செவிலியரோ, அவர்கள் சரிபார்த்ததோ என்றால் நல்லது. ஆண்டு ஏன் முக்கியம் என்றால், மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான்கு முறை பரிசோதனை போதும் என்று முன்பு சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டு முறை என்கிறது. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் பரிசோதனை என்ற காலம் போய், தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு வழிகாட்டியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. இந்த விஷயங்கள் இல்லாத புத்தகம் பழசு.

இரண்டாவது, ஒரு சோதனை. ஆறாம் மாதத்தில் திடீரென்று இரத்தம் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு நிமிடத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா? இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் இத்தனைக்கும் "உடனே போ" என்று பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இருநூறு பக்கத்தில் இந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம்.

மூன்றாவது, உணவுப் பக்கத்தைத் திறங்கள். பிராக்கோலி, அவகாடோ என்று பட்டியல் போட்டிருந்தால் அது நம் ஊருக்கு எழுதப்பட்டதல்ல. பெரம்பலூர் மண்ணில் விளையும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும், வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையும், கம்பும், கேழ்வரகும், நிலக்கடலையும், முட்டையும், சிறுமீனும் இருக்கிறதா என்று பாருங்கள். பப்பாளி பற்றி என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். பால் வடிகிற பச்சைக்காயைத் தவிர்க்கச் சொல்லி, நன்கு பழுத்ததை அளவோடு சாப்பிடலாம் என்று பிரித்துச் சொல்கிற புத்தகம் யோசித்து எழுதப்பட்டது. குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று எழுதிய புத்தகம் யோசிக்காமல் எழுதப்பட்டது. குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது.

நான்காவது விஷயம் நம் மாவட்டங்களுக்கு மிக முக்கியம். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலத்திலேயே மிகக் குறைவான மாவட்டங்களில் ஒன்று. வயிற்றின் வடிவம், முகத்தின் பொலிவு, புளிப்பு மீது ஆசை இவற்றைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கணித்துச் சொல்லும் அத்தியாயம் எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிறக்கப்போவது பெண் என்றதும் முகம் சுருங்குகிற வீட்டில் அந்த அத்தியாயம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும்.

ஐந்தாவது, உரிமை. வெளிநாட்டுப் புத்தகங்களில் நல்லவை உண்டு. ஹெய்டி மர்காஃப் எழுதி 1984இல் வெளிவந்த வழிகாட்டி கோடிக்கணக்கில் விற்றது. ஆனால் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும் என்பதை எந்த அமெரிக்கப் புத்தகமும் சொல்லாது. பதிந்தால்தான் 12 இலக்க எண் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைப் பெறுவதற்கும் அது வேண்டும். இதையெல்லாம் சொல்லும் தமிழ்ப் புத்தகம் ஒரு குடும்பத்துக்குப் பணமும் மிச்சம் பண்ணிக் கொடுக்கும்.

கடைசியாக, அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? அன்று கணவனுக்கு இருந்த வேலை வண்டி பூட்டுவதும் திண்ணையில் காத்திருப்பதும். இன்று அவர் பக்கத்திலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் சவூதியிலோ துபாயிலோ இருக்கலாம். லப்பைக்குடிகாடு, வி.களத்தூர்ப் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், கைபேசித் திரையில்தான் பல அப்பாக்கள் முதன்முதலில் பிள்ளை முகம் பார்க்கிறார்கள். எங்கிருந்தாலும் மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவது, பரிசோதனைக்குப் போன அன்று என்ன எண் எழுதினார்கள் என்று கேட்பது, அவளுடைய பயத்தைக் காதுகொடுத்துக் கேட்பது அவர் செய்யக்கூடியவை. பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றியும் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். கணவருக்கு ஒரு வரி கூட இல்லாத புத்தகம் பாதிப் புத்தகம்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2011 கணக்கில் அரியலூர்ப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 62 அளவில்தான். மருமகள் பட்டம் படித்தவளாக இருக்கலாம், அவளைப் பார்த்துக்கொள்ளும் அத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பவராக இருப்பார். ஆகவே புத்தகத்தை ஒருவர் மட்டும் படித்துவிட்டு, "நீங்க சொல்றது எல்லாம் தப்பு அத்தை" என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், கணவரோ நாத்தனாரோ வாய்விட்டுப் படிக்கட்டும். அத்தையும் கேட்கட்டும். "எங்க காலத்துல இப்படித்தான் செஞ்சோம்" என்று அவர் சொல்லும்போது அதில் நல்லதை எடுத்துக்கொண்டு, சீம்பாலைக் கீழே ஊற்றுவது போன்றவற்றை விட்டுவிடலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பால்தான் குழந்தைக்குப் போக வேண்டும் என்று புத்தகம் சொல்வதை அவர் காதால் கேட்டுவிட்டால், பிரசவ வார்டில் அதற்கு முதல் காவல் அவராகவே நிற்பார்.

அன்று வாய்மொழி இருந்தது, சரிபார்க்க வழியில்லை. இன்று சரிபார்க்க வழி இருக்கிறது, உட்கார்ந்து பேச நேரமில்லை. இந்த ஆண்டுப் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், வீட்டிலோ தெருவிலோ முழுகாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்காக மேற்சொன்ன சோதனைகளில் தேறும் ஒரு புத்தகத்தை வாங்கி வாருங்கள். கொடுக்கும்போது அவளிடம் தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கி, அபாய அறிகுறிப் பக்கத்தைக் கணவருக்கும் மாமியாருக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். 108 என்ற எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் கையாலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.