முதல் கேமரா: 1,500 வெள்ளியில் எதை வாங்கலாம்?

வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கவேண்டும் என்ற ஆசை நம் இளையர்கள் பலருக்கு வருகிறது. "கேனனா, நிக்கானா?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்பார்கள். "எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

விடியற்காலைப் பத்துமலை, அக்காவின் கல்யாணம், அண்ணன் பிள்ளையின் பிறந்தநாள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இவை எல்லாமே வெளிச்சம் குறைந்த இடங்கள். வெயிலில் எடுக்கும் படத்துக்குக் கைத்தொலைபேசியே போதும். மங்கிய வெளிச்சத்தில், அதுவும் அசைந்துகொண்டிருக்கும் ஆட்களை எடுக்கத்தான் நல்ல கேமரா தேவை. அங்கே கைகொடுப்பது பாடியைவிட லென்ஸ்தான்.

லென்ஸுக்கு முதலிடம்

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸை 55இல் வைத்தால் அதன் துவாரம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். மண்டபத்தில் முதல் லென்ஸுக்கு 1/15 நொடி பிடித்தால், இதற்கு 1/125 நொடி போதும். 1/15 நொடியில் தாலி கட்டும் கை கலங்கலாகிவிடும். படத்துக்காக யாரும் இன்னொரு முறை தாலி கட்டமாட்டார்கள்.

ஆனால், சிறிய சென்சார் உள்ள கேனன் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், 80 மி.மீ. போலக் காட்டும். முகங்களுக்கு அருமை, அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பின்வாங்க இடம் போதாது. வீட்டுப் படங்கள்தான் அதிகம் என்றால் நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 பொருத்தமானது.

மெகாபிக்சலைப் பார்த்து மயங்கவேண்டாம். ஏ4 தாளில் தரமாக அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். பழைய 18 மெகாபிக்சல் கேமராவே அதைப்போல் இரண்டு மடங்கு தருகிறது.

பழையதே போதும்

பலர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டதால், நல்ல டிஎஸ்எல்ஆர்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. கோலாலம்பூர் புடு பிளாசா போன்ற இடங்களில் தேடலாம். போகும்போது சொந்த மெமரி கார்டும் டார்ச் லைட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

• லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்கவேண்டாம்.

• எஃப் 16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு இருக்கிறது. அதைச் சுத்தம் செய்துதரச் சொல்லுங்கள்.

• ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டி3300இன் ஷட்டர் 100,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 30,000க்குள் இருந்தால் நல்லது.

• நிக்கான் டி3300, டி5300 போன்றவற்றின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். கேனன் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

காசைப் பிரிப்பது எப்படி?

விலை கடைக்குக் கடை மாறும். கையில் 1,500 வெள்ளி இருந்தால் நான் சொல்லும் கணக்கு இது: பாடிக்கும் 18-55 லென்ஸுக்கும் சேர்த்து 900, எஃப் 1.8 லென்ஸுக்கு 400. மீதி 200 வெள்ளியில் மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். நம் ஊர் ஈரக்காற்றில் இந்த டப்பா மிக முக்கியம். துணிப்பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சைக்கு விருந்துதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் பூஜையறை விளக்கொளியில் அம்மாவையோ பாட்டியையோ எடுத்துப் பழகுங்கள். அந்த வெளிச்சத்தில் கை பழகிவிட்டால் மண்டபத்தில் தடுமாற்றம் இருக்காது.