தேர்வில் காப்பியடித்தல்: இரு தரப்பு வாதங்கள்

தேர்வு விதிகள் அனுமதிக்காத உதவியைப் பெற்று, அதைத் தம் சொந்த அறிவாகக் காட்டுவது தேர்வு முறைகேடு எனப்படும். பேச்சு வழக்கில் இதனைக் காப்பியடித்தல், பிட் அடித்தல் என்பர். துண்டுச்சீட்டை மறைத்து எடுத்துச் செல்லுதல், அடுத்தவர் விடைத்தாளைப் பார்த்து எழுதுதல், வினாத்தாளை முன்கூட்டியே பெறுதல், ஆள்மாறாட்டம் ஆகியன இதில் அடங்கும். இவை எல்லாம் ஒரே அளவான தவறுகளா? பொறுப்பு மாணவருடையது மட்டுமா? இக்கேள்விகளுக்கு இரு வேறு விடைகள் சொல்லப்படுகின்றன.

தவறு மாணவருடையதே என்னும் தரப்பு

மதிப்பெண் சான்றிதழ் என்பது சமூகத்துக்கு அளிக்கப்படும் ஓர் உறுதிமொழி. அது பொய்யானால், அதை நம்பும் நோயாளியும் பயணியும் பாதிக்கப்படுவர். மேலும், இடங்கள் குறைவாக உள்ள தேர்வில் ஒருவர் முறைகேடாகப் பெறும் இடம் இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகும்.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வு இதற்கு எடுத்துக்காட்டு. இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்னிலை இடங்களைப் பெற்றதால் ஐயம் எழுந்தது. சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடை குறித்து, பின்னர் விடைத்தாள்கள் திருத்தப்பட்டது வெளியானது. 2020 சனவரியில் 99 தேர்வர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

அதே 2019-இல், பழனி மலையின் தென்சரிவை அடுத்துள்ள தேனியின் அரசு மருத்துவக் கல்லூரியில், மாணவர் ஒருவருக்காக வேறொருவர் நீட் தேர்வு எழுதியதாகப் புகார் எழுந்தது. சி.பி.சி.ஐ.டி. காவல்துறை அதை விசாரித்தது.

சூழலே காரணம் என்னும் தரப்பு

மனப்பாடத்தை மட்டும் சோதிக்கும் தேர்வு, மதிப்பெண்ணைக் குடும்ப மானமாகக் கருதும் பெற்றோர், தேர்ச்சி விழுக்காட்டுக்காகத் தலைமையாசிரியர் மீது செலுத்தப்படும் அழுத்தம் ஆகியவையே மாணவரைத் தவறுக்குத் தள்ளுகின்றன என்பது இத்தரப்பின் வாதம். 2015-இல் பீகாரின் வைசாலி மாவட்டத்தில், தேர்வு நடந்த கட்டடத்தின் சுவரில் ஏறி உறவினர்கள் பிட் கொடுத்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. அங்கே தவறு செய்தவர் மாணவர் மட்டுமல்லர். தமிழ்நாடு அரசு, தேவையற்ற போட்டியைக் குறைக்க, 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது.

கல்வி வாய்ப்பின் ஏற்றத்தாழ்வும் சுட்டப்படுகிறது. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியும், நெடுங்காலம் வாகனச் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவி கிராமமும் ஒரே மலையில்தான் உள்ளன. இரு பிள்ளைகளின் ஓட்டமும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குவதில்லை.

விதியும் தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது. அப்பன்னாட்டுப் பள்ளியில் உள்ள ஐ.பி. பாடத்திட்டத்தை நடத்தும் அமைப்பு, மாணவர் கட்டுரைகளில் சாட் ஜி.பி.டி.யைத் தடை செய்யப்போவதில்லை என 2023-இல் அறிவித்தது. எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடாமல் மறைப்பதே அதன்படி தவறு. நம் பொதுத்தேர்வு அறையில் ஒரு துண்டுச்சீட்டுக்கும் இடமில்லை. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஏமாற்றக் கூடாது என்பது.

தண்டனை யாருக்கு?

உத்தரப் பிரதேசத்தில் 1992-இல் கல்யாண் சிங் அரசு கொண்டுவந்த சட்டம், காப்பியடித்தலைப் பிணையில் வர இயலாத குற்றமாக்கியது. மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். தேர்ச்சி விழுக்காடு கடுமையாகச் சரிந்தது. 1993 இறுதியில் பொறுப்பேற்ற முலாயம் சிங் அரசு அச்சட்டத்தை விலக்கிக்கொண்டது.

2024 சூன் 21 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசின் பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. வினாத்தாளைக் கசியவிடுவோருக்கு 3 முதல் 5 ஆண்டு வரையும், கூட்டாகத் திட்டமிட்டுச் செய்வோருக்கு 5 முதல் 10 ஆண்டு வரையும் சிறை உண்டு. தேர்வர்கள் மீதான நடவடிக்கையைத் தேர்வு நடத்தும் அமைப்பின் விதிகளுக்கே அது விட்டுவிடுகிறது. பதற்றத்தில் பிட் எடுத்த மாணவரும், முறைகேட்டைத் தொழிலாக நடத்துபவரும் ஒன்றல்லர் என்பதே இதன் அடிப்படை.

ஆசிரியரின் நிலை

தேர்வறையில் ஒரு மதிப்பெண் விடைகளைச் சொல்லிக்கொடுப்பதைச் சிலர் ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் இரக்கமாகக் கருதுகின்றனர். தோல்வியால் படிப்பையே நிறுத்திவிடும் பிள்ளைகள் உள்ளதால், இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அந்த உதவி, இரவெல்லாம் படித்துவிட்டுப் பக்கத்து அறையில் எழுதும் இன்னொரு ஏழைப் பிள்ளையின் உழைப்பைக் குறைத்துவிடுகிறது. கற்பிக்காமல் விட்டதை அது ஈடுசெய்வதும் இல்லை. இரக்கம் காட்ட வேண்டிய இடம் வகுப்பறையும் மாலை நேரச் சிறப்பு வகுப்பும் உடனடி மறுதேர்வும் ஆகும்.

முடிவுரை

சூழல் ஒரு தவறுக்குக் காரணம் சொல்லலாம், அதைச் சரியாக்கிவிடாது. முறைகேட்டை ஏழையின் ஆயுதம் என்பதும் பொருந்தாது. ஆள்மாறாட்டத்துக்கும் வினாத்தாள் கசிவுக்கும் பணமும் ஆள்பலமும் வேண்டும். நேர்மையாக நடக்கும் தேர்வு ஒன்றே பணமில்லாதவர் பணம் உள்ளவருக்கு இணையாக நிற்கக்கூடிய இடம். அந்த நம்பிக்கை உடைந்தால் முதலில் இழப்பவர், சிபாரிசுக்கு ஆளில்லாத முதல் தலைமுறை மாணவரே.